மழையில் இறக்கும் பாட்டிகளும் மூச்சு வாங்கும் வாக்கியங்களும்: ஆங்கில வகுப்பு கேள்வி பதில்

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கட்டுரை, காம்ப்ரிஹென்ஷன் (பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது) பற்றிச் சிங்கப்பூர்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

செங்காங்கிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், மகன் உயர்நிலை 4. டியூஷனில் கொடுத்த எட்டு மாதிரிக் கட்டுரைகளை அப்படியே ஒப்பிக்கிறான். ஆனாலும் 30க்கு 15தான் வருகிறது. ஏன்?

ஒப்பிப்பதால்தான். ‘வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வருந்திய ஒரு நாள்’ என்று தலைப்பு வருகிறது. கையில் இருப்பதோ பாட்டி இறந்த கட்டுரை. முதல் பத்தியில் வருத்தத்தை ஒட்டவைத்துவிட்டு மிச்சத்தில் பாட்டியைச் சாகடிக்கிறார்கள், அதுவும் கொட்டும் மழையில். எத்தனை பாட்டிகளுக்கு நான் மதிப்பெண் போட்டிருக்கிறேன் தெரியுமா! சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் அந்த 30இல் 10 கருத்துக்கு, 20 மொழிக்கும் அமைப்புக்கும். தலைப்பை விட்டு விலகினால் 10இல் அடி. மனப்பாட வரியும் சொந்த வரியும் அடுத்தடுத்து வரும்போது தரம் சட்டென்று மாறுவது தெரிந்துவிடும், 20இலும் அடி.

எட்டுக் கட்டுரைக்குப் பதிலாக அவனுக்கே நடந்த எட்டுச் சம்பவங்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கோப்பிக் கடையில் சில்லறை குறைந்தது, லிஃப்டில் அண்டை வீட்டுக்காரரோடு மாட்டிக்கொண்டது, எதுவானாலும் சரி. ஒரே சம்பவத்தை வருத்தம், துணிச்சல், நட்பு என மூன்று தலைப்புக்கு மாற்றி எழுதிப் பார்க்கட்டும்.

உயர்நிலை 3 மாணவி, உட்லண்ட்ஸ்: என் தாளில் எப்போதும் ‘ரன் ஆன்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். அதனாலா?

‘ரன் ஆன்’ என்றால் இரண்டு வாக்கியங்களை முற்றுப்புள்ளியோ இணைப்புச் சொல்லோ இல்லாமல் ஒட்டிவிடுவது. கொஞ்சம் அதனால்தான், ஆனால் அதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதே அம்மா. எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

‘எழுந்து, குளித்து, பசியாறிவிட்டு, ஓடிப்போய் பஸ் பிடித்து, பள்ளிக்கு வந்தேன்.’ இதில் முற்றுவினை ஒன்றுதான், கடைசியில் வரும் ‘வந்தேன்’. மற்றவை எல்லாம் எச்சங்கள். அதனால் தமிழில் எத்தனை எச்சம் கோத்தாலும் வாக்கியம் உடையாது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘ஐ மிஸ்ட் த பஸ், ஐ வாஸ் லேட்’ என்று எழுதுகிறோம். அங்கே இரண்டுமே முற்றுவினை, இரண்டுக்கும் தனி எழுவாய். நடுவில் ஒரு காற்புள்ளி அந்தப் பாரத்தைத் தாங்காது. ஒன்று முற்றுப்புள்ளி வை, அல்லது ‘ஸோ’, ‘பிகாஸ்’ போன்ற இணைப்புச் சொல் போடு.

எழுதி முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு முற்றுவினைக்கும் அடிக்கோடு இடு. ஒரே வாக்கியத்தில் இரண்டு கோடு விழுந்தால் நடுவில் இணைப்புச் சொல் இருக்கிறதா என்று பார். பத்து நிமிட வேலை.

அப்புறம், நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘த’ (the) எங்கே வரும் என்பதிலும் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஏனென்றால் தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை. ‘அந்த’ போட்டுச் சொன்னால் பொருந்துகிறதா என்று பார், பொருந்தினால் பெரும்பாலும் ‘த’ வரும். சூரியன், நிலா மாதிரி ஒன்றே ஒன்று இருப்பவற்றுக்கும் வரும்.

உயர்நிலை 4 மாணவன்: சிட்டுவேஷனல் ரைட்டிங்கில் (சூழலுக்கேற்பக் கடிதம், மின்னஞ்சல் போன்றவை எழுதும் பகுதி) பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னார்கள். ‘யூ மஸ்ட் அப்ரூவ்’ என்று எழுதியது தப்பா?

இலக்கணத்தில் தப்பில்லை, மரியாதையில் தப்பு. தமிழில் ‘நீங்கள்’ போட்டாலே பாதி மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. அதனால் மரியாதையை ‘வுட்’, ‘குட்’ என்று வினைச்சொல்லில்தான் காட்ட வேண்டும். யாருக்கு, எதற்காக என்ற இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்கு.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு அப்பா: மகளுக்குச் சம்மரி (பத்தியைச் சுருக்கி எழுதுவது) 80 சொல்லுக்குள் அடங்குவதே இல்லை.

பத்தியிலிருந்து வரிகளை அப்படியே தூக்கி வைத்துவிட்டு, பிறகு சொற்களை வெட்டுகிறாள் என்று நினைக்கிறேன். முறையைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். முதலில் கேள்வி கேட்கும் கருத்துகளை மட்டும் ஓரிரு சொல்லில் குறிக்கட்டும். உதாரணம், அடைமொழி, ஒரே கருத்தை இரண்டாம் முறை சொல்வது, இவை எல்லாம் வெளியே. பிறகு பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு குறிப்பை மட்டும் பார்த்து எழுதட்டும். சொந்தச் சொல் தானாக வரும். 15 மதிப்பெண், விட்டுவிடக் கூடாது.

2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவளின் தாய்: ஜி3 (மூன்று நிலைகளில் மிகக் கடினமானது) ஆங்கிலம் எடுக்கிறாள். தேர்வே மாறுகிறதாமே?

ஆமாம், அவர்கள் 2027இல் எழுதப்போவது எஸ்இசி (சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்) தேர்வு. சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக வருவது அது. பெயரைக் கண்டு புதுப் புத்தகமாக வாங்கிக் குவிக்காதீர்கள்.

பொங்கோல் அம்மா: மகன் கதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை. கால்பந்து மட்டும்தான்.

கால்பந்து பற்றிப் படிக்கட்டுமே! ஆட்டத்தை அலசும் நல்ல பத்திரிகைக் கட்டுரையில் வாதம், ஆதாரம், எதிர்வாதம் எல்லாம் இருக்கும். காம்ப்ரிஹென்ஷனின் கதையல்லாத பகுதிக்கு அதுதான் பயிற்சி. தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை லிபி செயலியில் இலவசமாக இரவல் பெறலாம். பழைய புத்தகம் வேண்டுமென்றால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப் போங்கள். அவனே பொறுக்கட்டும், நீங்கள் வாசலில் நில்லுங்கள்.

உயர்நிலை 2 மாணவன்: நாம் பேசும் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வரும் ‘லா’வைக் கட்டுரையில் போடலாமா?

மீன் கடைக்காரர் பேசும் ஒரு வரியில் போடலாம். கதை சொல்லும் நீ போடாதே.

ஈசூனிலிருந்து ஒரு தாத்தா: பேத்தி எழுதுவதை நான் திருத்த ஆசை. எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

ஐயா, எழுதியதை உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், மேலே அந்த மாணவிக்குச் சொன்ன ‘ரன் ஆன்’ அனேகமாக அங்கேதான் இருக்கும். புரியாத இடத்தில் நிறுத்தி, ‘இதைத் தமிழில் சொல்லு’ என்று கேளுங்கள். தமிழில் சொல்லத் தடுமாறினால், என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே தெளிவாகவில்லை. அந்த வரியை அவளே மறுபடி எழுதட்டும். பிழை திருத்தும் வேலையைப் பள்ளி ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.