கிபிளையும் பச்சைக் கறியையும் ஒரே தட்டில் நாய்க்குக் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு வயது நாய் வளர்க்கிறார். இரண்டு வேளையும் கிபிள்தான், அதாவது பையில் வரும் உலர் நாய்த் தீனிதான் கொடுக்கிறார். அதோடு பச்சைக் கோழியும் சேர்க்க ஆசைப்படுகிறார். ஆனால் "இரண்டும் வேறு வேறு வேகத்தில் செரிக்கும், ஒன்றாகக் கொடுத்தால் கறி வயிற்றிலேயே தங்கிக் கெட்டுப்போகும்" என்று பலர் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உண்மையா, எவ்வளவு கலக்கலாம் என்பதுதான் கேள்வி.

ஒரே தட்டில் கலப்பதால் செரிமானம் கெடாது. கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு: எவ்வளவு கலக்கிறீர்கள், அந்தக் கறி எங்கிருந்து வருகிறது.

செரிமான வேகம் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம். கிபிள் இரைப்பையை விட்டு இறங்கக் கறியைவிடச் சற்று அதிக நேரம் எடுக்கலாம். அதனால் என்ன? நாம் சோறு, பருப்பு, கறி, தயிர் என்று ஒரே இலையில் சாப்பிடுகிறோம், ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில்தான் செரிக்கிறது. நாயின் வயிறும் அப்படித்தான், வந்ததையெல்லாம் அமிலத்தில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்புகிறது. கிபிள் என்பதே இறைச்சி மாவையும் அரிசி, சோளம் போன்ற தானியத்தையும் சேர்த்து வேகவைத்த கலவைதான். பழக்கமில்லாத கறியைத் திடீரென்று நிறையப் போட்டால் வயிற்றுப்போக்கு வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "கலந்ததால் வந்தது" என்கிறார்கள். ஏழிலிருந்து பத்து நாளில் மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலான நாய்கள் பழகிக்கொள்ளும்.

"நாய் ஓநாயின் வாரிசு, அதற்குப் பச்சைக் கறிதான் இயற்கை உணவு" என்பது அடுத்த வாதம். வாரிசு என்பது சரி. ஆனால் மனிதரோடு வாழ்ந்த காலத்தில் அதன் உடலும் மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளாக இருக்கிறது என்று 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நம் பக்கத்து அனுபவமும் அதுதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களே கிராமத்து வீடுகளில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் மோரும் குடித்துத்தான் வளர்ந்தன. கறி கிடைத்த நாளில் கறி, அவ்வளவுதான்.

இனி அளவு. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். என்னிடம் இருப்பவள் செவலை, தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த நாட்டு நாய். எடை 20 கிலோ, கருத்தடை செய்தது. இந்த எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,050 கிலோகலோரி போதும். கிபிளில் 100 கிராமுக்கு 370 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால் முழுக்கக் கிபிள் மட்டும் கொடுக்கும்போது 285 கிராம் ஆகும். (உங்கள் பையின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், ஒவ்வொன்றும் மாறும்.)

கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி, கிபிள் போன்ற முழுச் சத்துள்ள உணவுக்கு வெளியே கொடுப்பது எதுவானாலும் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. செவலைக்கு அது 105 கிலோகலோரி, அதாவது தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி 85 அல்லது 90 கிராம். கறி சேர்க்கிற நாளில் கிபிளில் 28 கிராம் குறைக்க வேண்டும். குறைக்காமல் மேலே மேலே போடுகிறவர்கள் வீட்டு நாய்கள்தான் ஒரே வருடத்தில் இடுப்பு தெரியாமல் பருத்துவிடுகின்றன.

பத்து சதவீதம் ஏன், பாதிக்குப் பாதி கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கால்சியம்தான் காரணம். வெறும் சதைக்கறியில் 100 கிராமுக்குக் கால்சியம் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், பாஸ்பரஸோ 200-ஐ ஒட்டி இருக்கும். நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. 1,050 கிலோகலோரியில் பாதியைக் கறியிலிருந்து எடுக்கிறோம் என்றால் கறி 440 கிராம், கிபிள் 142 கிராம். கிபிளில் கால்சியம் 1.2 சதவீதம், பாஸ்பரஸ் 1 சதவீதம் என்று கொண்டால் மொத்தக் கால்சியம் 1,750 மில்லிகிராமும் பாஸ்பரஸ் 2,300 மில்லிகிராமும் வரும். விகிதம் தலைகீழாகிவிட்டது. வளர்ந்த நாய்க்கு இதனால் அடுத்த வாரமே எதுவும் ஆகிவிடாது. வளரும் குட்டிக்கு எலும்பு வளைவதும் லேசாக விழுந்தாலே கால் ஒடிவதும் இந்த வழியாகத்தான் வருகின்றன. சதைக்கறியில் குறைவாக இருக்கும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் கிபிளைப் பாதியாக்கும்போது சேர்ந்தே குறைகின்றன. பாதிக்குப் பாதி கொடுக்க விரும்பினால் கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து ஒரு செய்முறை எழுதி வாங்குங்கள். பத்து சதவீதத்தில் நின்றால் கால்சியம் பொடி எதுவும் தேவையில்லை, கிபிளில் இருப்பதே போதும்.

சரி, இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம்: கறி எங்கிருந்து வருகிறது. பச்சைக் கறி உணவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1990-களில் அவர் சொன்னதுதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த யோசனையை அப்படியே தூக்கி வந்து நம் ஊர்ப் பிராய்லர் கடையில் வைத்தால் பொருந்துமா என்று பாருங்கள். கோழியை அறுத்து டிரம்மில் போடுகிறார்கள், எல்லாக் கோழிக்கும் ஒரே மெஷினில் இறகு எடுக்கிறார்கள், குடலை உருவுகிற அதே கட்டையில்தான் கறியும் வெட்டுகிறார்கள். சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் என்ற நோய்க்கிருமிகள் கோழியின் குடலில் குடியிருப்பவை. கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவர் விற்பது வேகவைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு. "நாய்க்குக் கொஞ்சம் வேஸ்ட் போடுங்கண்ணே" என்று நாம் வாங்கி வருவது அதிலும் கடைசியாக ஓரத்தில் தள்ளி வைத்தது.

தொழிற்சாலையில் பேக் செய்து வந்தாலும் இந்தச் சிக்கல் தீர்வதில்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010-க்கும் 2012-க்கும் இடையில் 196 பச்சைச் செல்லப்பிராணி உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 15-இல் சால்மொனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமியும் இருந்தன. உறையவைத்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம், ஃப்ரீசரில் இவை தூங்கும், அவ்வளவுதான். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுவதாலும் போகாது, கழுவுகிற தண்ணீர் தெறித்துச் சிங்க் முழுக்கப் பரவும்.

"நாயின் வயிற்று அமிலம் எல்லாவற்றையும் கொன்றுவிடும்" என்பது பாதிதான் சரி. பல நாய்கள் நோயில்லாமல் சமாளித்துவிடும், ஆனால் கிருமி மலத்தில் வெளியே வரும், வாயிலும் இருக்கும். அந்த வாய்தான் வீட்டுக் குழந்தையின் கன்னத்தை நக்குகிறது. நாய்க்கும் எல்லா நேரமும் அதிர்ஷ்டம் இருக்காது. பின்னங்கால் தளர்ந்து, பிறகு நான்கு காலும் செயலிழக்கிற ஒரு நரம்பு நோய் நாய்களுக்கு உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நோய்க்கும் பச்சைக் கோழிக்கழுத்துக்கும் தொடர்பு தெரிந்தது, கேம்பிலோபேக்டர்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். கோழிக்கழுத்தில் எலும்பு இருப்பதால் கால்சியம் கிடைக்கும் என்று சொல்லி நம் ஊரிலும் அதைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். அதனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆட்டு ஈரல், மாட்டு நுரையீரல் பச்சையாகக் கொடுப்பதை முழுதாக நிறுத்துங்கள். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு அந்த உறுப்புகளில் நீர்க்கட்டியாக இருக்கும். நாய் தின்றால் அதன் குடலில் புழுவாகும், நாய்க்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. மலத்தில் வரும் முட்டை நம் வாய்க்குள் போனால் நம் ஈரலில் அதே கட்டி வளரும்.

இதனால்தான் செவலைக்குக் கறி உண்டு, பச்சையாக இல்லை. எலும்பில்லாத கோழியைக் கொஞ்சம் தண்ணீரில், உள்ளே சிவப்பு முழுதாக மறையும் வரை வேகவைக்கிறேன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தால் சத்து போய்விடும் என்கிறவர்களுக்கு: தண்ணீரில் இறங்குகிற பி வைட்டமின்களும் டாரின் என்ற அமினோ அமிலமும் அந்தச் சாற்றில்தான் இருக்கின்றன. ஆறிய பிறகு சாற்றையும் கிபிள் மேல் ஊற்றிவிடுங்கள், தட்டை நக்கிச் சாப்பிடும். மத்தி, அயிலை கொடுத்தாலும் வேகவைத்து முள் எடுத்துத்தான், சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. வெந்த எலும்பு மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம், அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பச்சையாகத்தான் கொடுப்பேன் என்றால் அது உங்கள் முடிவு. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் வீட்டில் இருந்தால் வேண்டவே வேண்டாம். நாலு மாதக் குட்டிக்கும், கணைய அழற்சி வந்த நாய்க்கும், ஸ்டீராய்டு எடுக்கும் நாய்க்கும் வேண்டாம். மற்றபடி தனிக் கத்தி, தனிப் பலகை, எவர்சில்வர் தட்டு. கறிச்சாறு பட்ட கிபிளை நம் வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், மிச்சத்தைத் திரும்பப் பையில் கொட்டாமல் குப்பையில் போடுங்கள். புழு மருந்து எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, அதில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாந்தி நிற்கவில்லை, மலத்தில் ரத்தம் வருகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். போனதும் பச்சைக் கறி கொடுக்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் எந்தப் பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அதை வைத்து மாறும்.