ஹேடீஸ் கேமின் கதை என்ன? செத்தால் ஏன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் 2020-இல் முழுமையாக வெளியிட்ட இந்த கேமில், சாவும் கதையின் ஒரு பகுதி.

நாயகன் சாக்ரியஸ், பாதாள உலகின் அரசன் ஹேடீஸின் மகன். இரவின் தேவி நிக்ஸைத் தாய் என்று நினைத்து வளர்கிறான். பெற்றவள் பெர்செஃபோனி என்று தெரிந்ததும் அவளைத் தேடிக் கிளம்புகிறான். டார்டரஸ், அஸ்ஃபோடெல், எலிசியம் என்ற பாதாளப் பகுதிகளை எல்லாம் தாண்டினால், கடைசி வாசலில் அப்பாவே ஆயுதத்தோடு நிற்கிறார்.

வழியில் செத்தால் பாதாளத்தில் ஓடும் ஸ்டிக்ஸ் நதி அவனை வீட்டுக்கே கொண்டுவந்து விடும். அப்போது வீட்டில் இருப்பவர்களோடு பேசுங்கள், அவசரப்படாதீர்கள். கதை நகர்வதே அந்தப் பேச்சில்தான்.

(இனி கதையின் முக்கிய ரகசியம் வருகிறது.) அப்பாவை வென்று அம்மாவைச் சந்தித்தாலும் அவனால் பூமியில் நீடித்து உயிர்வாழ முடியாது. கொஞ்ச நேரம் பேசுவான், செத்துவிடுவான். அவன் இறந்தே பிறந்தான் என்று நம்பித்தான் அவள் பாதாளத்தை விட்டுப் போயிருக்கிறாள். பிறகு அவனுக்கு உயிர் கொடுத்தது நிக்ஸ். இப்படிப் பத்து முறை தப்பித்துப் போய்ப் பேசிய பிறகே அவள் வீடு திரும்புகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சண்டையில் வென்றது மட்டும் போதவில்லை, பேச்சும் வேண்டியிருந்தது.

அப்புறம், சாக்ரியஸ் கற்பனைப் பெயர் இல்லை. பழைய கிரேக்க மரபில் அவனை ஹேடீஸின் மகன் என்றும் சொல்வார்கள், மதுவின் கடவுள் டயோனிசஸ் என்றும் சொல்வார்கள். கேமும் இதைத் தொட்டுப் போகிறது.