எல்லாரும் 18, 19 வாங்கினால் வினாத்தாளைச் சோதியுங்கள்

கேள்வி: வெப்ப இயக்கவியல் பாடத்துக்கு வாரந்தோறும் கூகுள் ஃபார்மில் 20 கொள்குறி வினாக்கள் தருகிறேன். வகுப்பில் 60 பேர். எல்லாரும் 18, 19 வாங்குகிறார்கள். செமஸ்டர் தேர்வில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஏன்?
- பொறியியல் கல்லூரி ஆசிரியர், நாமக்கல்

பதில்: மாணவர் வாரியாகப் பார்த்தது போதும், வினா வாரியாகப் பாருங்கள். முதல் ஆளாக நீங்களே சரியான விடைகளைக் குறித்து ஃபார்மைச் சமர்ப்பியுங்கள். பதில்கள் சேரும் ஷீட்டில் அந்த வரிசையே விடைக்குறிப்பு. மற்ற வரிசைகளை அதோடு ஒப்பிட்டு, பொருந்தினால் 1, இல்லாவிட்டால் 0 வரும்படி ஒரு ஃபார்முலா போடுங்கள். மாணவர்களை மதிப்பெண்படி அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம், அதாவது 16 பேர் வீதம் எடுங்கள். ஒரு வினாவுக்கு மேல் 16-ல் 15 பேரும் கீழ் 16-ல் 14 பேரும் சரியாக விடையளித்திருந்தால் வித்தியாசம் 1. அதை 16-ஆல் வகுத்தால் 0.06. நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டாத அந்த வினாவால் பயனில்லை. 0.3-க்கு மேல் வந்தால் நல்ல வினா. கழித்தல் குறியோடு வந்தால் விடைக்குறிப்பை முதலில் சரிபாருங்கள். அது சரியென்றால் வினாவின் வாசகம் குழப்புகிறது.

உங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரே மதிப்பெண்ணில் நெருங்கி நிற்பதால், இந்தத் தேர்வை வைத்து அடுக்கினால் கணக்கு ஏமாற்றும். கண்காணிப்போடு நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வை வைத்து அடுக்குங்கள்.

தவறான விடைகளையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். 227 டிகிரி, 27 டிகிரி செல்சியஸுக்கு இடையே இயங்கும் கார்னோ எஞ்சினின் (இழப்பே இல்லாத கற்பனை எஞ்சின்) திறன் 40 சதவீதம்: கெல்வினில் 300-ஐ 500-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். கெல்வினுக்கு மாற்ற மறந்தால் 88 வரும். ஒன்றிலிருந்து கழிக்க மறந்தால் 60. இந்த மூன்றே போதும், நான்காவதை ஒப்புக்குச் சேர்க்காதீர்கள். 88-ஐ 20 பேர் தொட்டிருந்தால், மறுநாள் எதை மீண்டும் நடத்த வேண்டும் என்பது கையில் இருக்கிறது. பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் இப்படிப்பட்ட தவறுகள் நிறையக் கிடைக்கும்.

கேள்வி: விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தேர்வின்போது வேறு பக்கம் திறக்க விடாத, ஃபார்மின் பூட்டு வசதி உதவுமா?
- வாசகி, கோவை

பதில்: உதவாது. கல்வி நிறுவனம் நிர்வகிக்கும் குரோம்புக்கில்தான் (கூகுளின் இயங்குதளம் கொண்ட மடிக்கணினி) அது இயங்கும். மாணவரின் கைபேசியில் இயங்காது. கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருள் இருந்தால் அதன் கணக்கீட்டு வகை வினாவுக்கு மாறுங்கள். ஆளுக்கு ஆள் எண்கள் மாறும், விடையைக் கடத்திப் பயனில்லை. எண்களின் எல்லையைக் கவனமாக வையுங்கள்: வெப்ப மூலத்துக்கு 500 முதல் 800 கெல்வின், குளிர் மூலத்துக்கு 290 முதல் 320. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் திறன் எதிர்ம எண்ணாகிவிடலாம். அனுமதிக்கும் பிழை 1 சதவீதமாக இருந்தால், இடையில் முழுமைப்படுத்தியவர்கள் நியாயமின்றி மதிப்பெண் இழப்பார்கள், 2 ஆக்குங்கள்.

கேள்வி: பல மாணவர்களிடம் டேட்டா இல்லை. வகுப்பிலேயே உடனடியாகச் சோதிக்க வழி உண்டா?
- கலைக் கல்லூரி ஆசிரியர், திருவாரூர்

பதில்: உண்டு, பிளிக்கர்ஸ் என்ற செயலி. மாணவர் கையில் அச்சிட்ட அட்டை, கைபேசி உங்களிடம் மட்டும். அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுவே விடை. கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் பதிவாகிவிடும். பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள், விளக்கொளி பட்டால் படிக்காது. கறுப்புப் பகுதியை விரல் மறைத்தாலும் படிக்காது. ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.