முதல் வகுப்புக்குப் போகவிருக்கும் டி.ஏ.வுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் சேர்த்துக் கற்பித்தல் உதவியாளர் (டி.ஏ.) பணி தந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வீடு, வங்கிக் கணக்கு, குளிர்கால உடை, ஓட்டுநர் உரிமம் என்று நீண்ட பட்டியலைக் கேட்டுவிட்டுக் கடைசி வரியில் மட்டும், "டி.ஏ. வேலைக்குத் தனியாகத் தயாராக வேண்டுமா, அவர்கள் நடத்தும் ஓரியன்டேஷன் போதுமா?" என்று கேட்டிருந்தீர்கள். மற்றவற்றுக்கெல்லாம் அயல்நாட்டு மாணவர் அலுவலகமும் அங்கே முன்பே இருக்கும் நம் பிள்ளைகளும் வழிகாட்டிவிடுவார்கள். நான் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஓரியன்டேஷன் போதாது.

நான் வந்தபோது எங்கள் துறையில் நடந்த தயாரிப்புக் கூட்டம் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. சம்பளப் படிவங்களை எப்படி நிரப்புவது, ஆய்வகத்தில் தீப்பற்றினால் எந்த வழியாக வெளியேறுவது, நகலெடுக்கும் இயந்திரத்துக்கு யாரிடம் எண் வாங்குவது ஆகியவற்றைச் சொன்னார்கள். இருபத்தைந்து இளைஞர்கள் எதிரே அமர்ந்திருக்கும்போது முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்பதை எவரும் சொல்லவில்லை. பாடநூலையும் மாணவர் பட்டியலையும் அறைச் சாவியையும் கையில் கொடுத்து, அடுத்த வாரம் வகுப்பு என்று அனுப்பிவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு மாணவர்களை நம்பித்தான் முதலாண்டுக் கணிதத்தையும் இயற்பியலையும் நடத்துகின்றன. அப்படியிருந்தும் அவர்களைத் தயார்ப்படுத்த ஒரு வாரத்தைக்கூட ஒதுக்காத துறைகள் இருப்பதை இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்த சீன மாணவிக்கும் அதே கவலை இருந்தது. நாங்கள் இருவரும் இரவில் காலி வகுப்பறை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒருவர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு விளக்குவதும் மற்றவர் முதலாண்டு மாணவராக அமர்ந்து குறுக்குக் கேள்வி கேட்பதுமாகப் பழகினோம். எழுத்து பின்வரிசைக்குத் தெரிகிறதா, பலகையைப் பார்த்தே பேசுகிறோமா, எந்த இடத்தில் குரல் அமுங்குகிறது என்று ஒருவருக்கொருவர் குறித்துக் கொடுத்து, அதே பகுதியை மீண்டும் நடத்தினோம். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு மைக்ரோ டீச்சிங் என்று பெயர் இருப்பதும், 1963-இல் ஸ்டான்ஃபோர்டில் இம்முறை உருவானது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்கள் துறை ஏற்பாடு செய்யாவிட்டாலும், இன்னொரு புதிய டி.ஏ.வைச் சேர்த்துக்கொண்டு இதை நீங்களே செய்துகொள்ளலாம். பாடத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஆங்கிலம். வகுப்பெடுப்போர் ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசக்கூடியவர்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் உறுதிசெய்ய வேண்டும் என்று 1980-களிலிருந்து ஃபுளோரிடா, பென்சில்வேனியா உள்ளிட்ட பல மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. ஆகவே, வந்தவுடன் உங்களுக்குப் பேச்சுத் தேர்வு வைக்கலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அமெரிக்கப் பெண் ஒருவர் பேசிப் பதிவுசெய்த ஒரே விரிவுரையை இரு குழு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, ஒரு குழுவுக்கு வெள்ளையினப் பெண்ணின் படத்தையும் மற்றதற்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் பேசுபவராகக் காட்டினார்கள். கேட்டது ஒரே குரல்தான் என்றாலும், ஆசிய முகத்தைக் கண்ட மாணவர்கள் அந்நிய உச்சரிப்பு இருப்பதாகக் கூறியதோடு பாடத்தையும் குறைவாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே, "உங்கள் பேச்சு புரியவில்லை" என்று ஒரு மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினால், அதன் முழுக் காரணமும் உங்கள் நாக்கில் இருப்பதாக எண்ணி மனம் உடைந்துவிடாதீர்கள்.

நம்மவர்களில் இரண்டு வகையினரை இங்கே பார்த்திருக்கிறேன். வந்த ஆறு மாதத்தில் மூக்கால் பேசப் பழகிக்கொண்டு, சொந்தக் குரலையே இழந்துவிடுவோர் ஒரு சாரார். "நான் இப்படித்தான் பேசுவேன், புரிந்துகொள்வது அவர்கள் பொறுப்பு" என்று இருந்துவிடுவோர் மறு சாரார். இரண்டுமே மாணவருக்கு உதவுவதில்லை. உச்சரிப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நாம் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தோடும் வேகமாகவும் சொல்கிறோம், அமெரிக்கக் காதோ ஒரு சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பதைக் கொண்டே அச்சொல்லை அடையாளம் காண்கிறது. பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் எடுத்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று அகராதியில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். புதிய சொல் எதையும் பலகையில் எழுதிவிட்டே பேசுங்கள். பெருக்கலுக்கு நாம் சொல்லும் "த்ரீ இன்டு ஃபோர்" இங்கே வகுத்தலாகக் கேட்கும் என்பதால், "டைம்ஸ்" என்று சொல்லப் பழகுங்கள். இத்தகைய மாற்றங்களைச் செய்துகொண்டதில் எனக்கு எந்தத் தாழ்வும் ஏற்பட்டதில்லை. என் தமிழ் ஒலி இன்றும் என் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கிறது, என் வகுப்பும் புரிகிறது.

வகுப்புக்குள் புதியவர்களை மிகவும் கலங்கடிப்பது மௌனம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்கள் தரும் விடைகள் நீளமாகவும் சிந்தித்தவையாகவும் அமைகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து எழுதினார். பல்கலைக்கழக வகுப்பிலும் இதுவே உண்மை என்பது என் அனுபவம். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், நீங்களே விடையைச் சொல்லி அந்த இடைவெளியை நிரப்பிவிடாதீர்கள். "புரிந்ததா?" என்று கேட்பதால் எந்தப் பயனும் இல்லை, எல்லோரும் தலையசைப்பார்கள். "அடுத்த படி என்ன, ஏன்?" என்று கேட்டால்தான் யார் எங்கே நிற்கிறார் என்பது தெரியும்.

என் முதல் பருவத்தில் ஒருநாள் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, தனக்கு எதுவுமே விளங்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எந்த வரியிலிருந்து என்று கேட்டு, அந்த வரியிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினேன். பாதிப் பலகை நிறைந்தபோது, அவரைப் போலவே தொலைந்துபோயிருந்த வேறு சிலரும் பேனாவைக் கையில் எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் துண்டுத் தாளைக் கொடுத்து, இன்று தெளிவாகாத ஒன்றைப் பெயரில்லாமல் எழுதித் தரச் சொன்னேன். அடுத்த வகுப்பை அந்தத் தாள்களிலிருந்து தொடங்குவேன். இன்றுவரை நான் விடாமல் வைத்திருக்கும் வழக்கம் இது.

விடைத்தாள் திருத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரை மறைத்துவிட்டு, எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வியை முடித்த பிறகே இரண்டாவதற்குப் போங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற ரூப்ரிக்கைத் தொடங்குமுன்பே பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். இங்கே மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக வாதாடுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. எழுத்தில் தரச் சொல்லி, மறுநாள் பாருங்கள்.

சட்டம் சார்ந்த சிலவற்றை அறியாமல் வகுப்புக்குள் நுழையவே கூடாது. மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி ஒரு மாணவரின் மதிப்பெண் அவருக்கு உரிய தனித் தகவல். கதவில் பட்டியல் ஒட்டுவதும், மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய பெற்றோர் தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவதும் உங்களைச் சிக்கலில் தள்ளும். உடற்குறையோ கற்றல் இடர்ப்பாடோ உள்ள மாணவர் கூடுதல் தேர்வு நேரத்துக்கான கடிதத்தைக் கொண்டுவந்தால், என்ன நோய் என்று விசாரிக்காமல் கடிதத்தில் உள்ளதைச் செய்யுங்கள். பாலியல் துன்புறுத்தலைப் பற்றி ஒருவர் உங்களிடம் சொல்ல வந்தால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் டி.ஏ.வும் அதைப் பல்கலைக்கழகத்தின் உரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பார்த்து எழுதியவரைப் பிடித்தால் நீங்களே தண்டிக்காமல், தாள்களைப் பேராசிரியரிடம் ஒப்படையுங்கள்.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. தயாரிப்பும் திருத்தலும் அதற்குள் அடங்கும். நேரத்தைக் குறித்து வையுங்கள். மிஞ்சுமானால், முதல் மாதத்திலேயே அந்தக் குறிப்போடு பேராசிரியரிடம் பேசுங்கள்.

"கற்பித்தலில் நேரத்தை வீணாக்காதே, ஆராய்ச்சிதான் முக்கியம்" என்று மூத்த தமிழ் மாணவர்கள் உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு. ஒருவருடைய வாழ்க்கையிலேயே முதல் கல்லூரிக் கணித வகுப்பு உங்கள் கையில் இருக்கிறது; அதை அரைமனத்தோடு நடத்துபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் மையம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-லேயே தொடங்கிவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழக மையத்தினரை அழைத்தால் உங்கள் வகுப்பில் வந்து அமர்ந்து பார்ப்பார்கள், பருவத்தின் நடுவில் மாணவர்களிடம் தனியே பேசி அவர்கள் சொன்னதை உங்களிடம் மட்டும் தெரிவிப்பார்கள். அழைப்போர் குறைவு, நீங்கள் அழையுங்கள்.

விமானம் ஏறும் வரை காத்திருக்காமல், துறைக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதி, எந்தப் பாடம், ஆய்வகமா ரெசிடேஷனா (விரிவுரையை ஒட்டி நடக்கும் சிறு பயிற்சி வகுப்பா), எத்தனை மாணவர்கள், சென்ற ஆண்டின் சிலபஸும் வினாத்தாள்களும் கிடைக்குமா, அதே பாடத்தை நடத்திய பழைய டி.ஏ. யார் என்று கேளுங்கள். பதில் வந்ததும் முதல் வாரத்துப் பாடத்தை மட்டும் எடுத்து, வீட்டில் யாரையாவது அமரவைத்து ஆங்கிலத்தில் நடத்திப் பாருங்கள். அதில் எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று எனக்கு எழுதினால், அங்கிருந்து தொடர்ந்து பேசலாம்.