செயலியில் ஆயிரம், கையில் ஐந்து ரூபாய்

கேள்வி: என் ஆறு வயது மகன் செல்போனில் கடை விளையாட்டு ஆடி ஆயிரக்கணக்கில் காசு சேர்க்கிறான். ஆனால் வர்க்கி வாங்க பேக்கரிக்குப் போனால், ஐந்து ரூபாயைவிட இரண்டு ரூபாய்தான் பெரிசு என்று சாதிக்கிறான். இந்தச் செயலிகளால் பயன் உண்டா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். 2011 வரிசை நாணயங்களில் இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய் 23 மில்லிமீட்டர்தான். 2019 வரிசையில் இது அப்படியே தலைகீழ். இரண்டு வரிசையும் கலந்தே புழங்குவதால் அளவை வைத்து மதிப்பைச் சொல்ல முடியாது.

எனவே முதலில் நிஜக் காசு, பிறகு செயலி. ஒரு கிண்ணத்தில் ஒரு ரூபாய் பத்து, இரண்டு ரூபாய் ஐந்து, ஐந்து ரூபாய் இரண்டு, பத்து ரூபாய் ஒன்று போட்டுக் கொடுங்கள். காசில் உள்ள எண்ணை வாசித்து நான்கு குவியலாகப் பிரிக்கட்டும். நான்கும் சமம் என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இந்த வயதில் எண்ணிக்கை அதிகமென்றால் பணமும் அதிகம் என்றுதான் தோன்றும். அது மாறச் சில வாரங்கள்கூட ஆகலாம், அவசரப்படுத்த வேண்டாம்.

செயலி என்றால் ரூபாய் நாணயம் காட்டுவதாக இருக்கட்டும். டாலரும் சென்ட்டும் இப்போதைக்குக் குழப்பும். மீதிச் சில்லறையைக் குழந்தையே எண்ணி எடுத்து வைக்கிற மாதிரி இருப்பதுதான் உருப்படியான செயலி. தொட்டவுடன் அதுவே கணக்குப் போட்டுவிட்டால் குழந்தை படிக்க அதில் ஒன்றுமில்லை. விளம்பரம் பார்த்தால் நூறு காசு பரிசு என்று வருகிறதா? அதை இன்றே நீக்குங்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் பணம் வரும் என்பதைத்தான் அது சொல்லித்தருகிறது.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கடையில் அவன் கையில் இருபது ரூபாய் கொடுத்து, ஒரே ஒரு பொருளை வாங்கி, மீதியை எண்ணச் சொல்லுங்கள். அன்று ஜிபே வேண்டாம். கடைக்காரரின் பெட்டி பேசுவது மட்டுமே கேட்டால், பணம் நம்மிடமிருந்து குறைந்தது குழந்தைக்குத் தெரியாது.

கேள்வி: மகள் விளையாடும்போது தெரியாமல் பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். போனைத் திறக்க மகளின் விரல் ரேகையைப் பதிந்திருந்தால் நீக்கிவிடுங்கள், அந்த ரேகையே வாங்கவும் அனுமதித்துவிடும். நெட் இல்லாமலும் ஓடும் செயலி என்றால் ஃபிளைட் மோடில் போட்டுக் கொடுங்கள். விளம்பரமும் வராது, வாங்கவும் முடியாது. எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடங்களுக்கும் இதுதான் வசதி.

பலர் ஏமாறுவது ‘ஏழு நாள் இலவசம்’ என்பதில். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.