தாயில்லாத மூன்று குட்டிகள்: முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வாரம் எங்கள் தெருவில் ஒரு தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டு இறந்துபோனது. அதன் குட்டிகள் மூன்றும் மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தன, எடுத்து வந்துவிட்டோம். கண் திறந்திருக்கிறது, தள்ளாடி நடக்கின்றன. பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுக்கிறோம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஒன்று மட்டும் சோர்ந்தே கிடக்கிறது. இரண்டு பெட்டை, ஒன்று கடுவன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மூன்றையும் நாங்களே வளர்க்கப் போகிறோம். கருத்தடை எப்போது செய்யலாம்? "ஒரு பிரசவமாவது ஆகட்டும், அதற்கு முன்னால் செய்தால் பாவம்" என்கிறார் என் மாமியார்.

பதில்: கருத்தடையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் என் கண் போய் நின்றது "ஒன்று மட்டும் சோர்ந்தே கிடக்கிறது" என்ற வரியில். அந்தக் குட்டியை இப்போதே தொட்டுப் பாருங்கள். காதும் பாதமும் வாயின் உட்புறமும் சில்லென்று இருந்தால் பால் கொடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. ஊட்டிய பால் வயிற்றிலேயே தங்கிக் கெடும், இல்லாவிட்டால் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். அட்டைப்பெட்டியில் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறு ஓரம் வேண்டும். திருச்சி வெயிலில் பூனைக்கு எதற்குச் சூடு என்று தோன்றும். இந்த வயதில் குட்டியின் உடம்பு தன் சூட்டைத் தானே சரியாகக் காத்துக்கொள்ளாது; ஓடும் மின்விசிறிக்குக் கீழே ஈரத்தோடு படுத்தாலே போதும், குளிர்ந்துவிடும்.

அடுத்து ஈறைப் பாருங்கள். வெளிறிப்போயிருந்தால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இரத்தத்தைக் குடித்திருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். முந்நூறு கிராம் குட்டிக்குத் தெள்ளுப்பூச்சி உயிரையே எடுக்கும். அதற்காக நாய்க்கு வாங்கி வைத்த பவுடரையோ சொட்டு மருந்தையோ போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி எடுப்பதே இந்த வயதுக்குப் பாதுகாப்பு. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் சொட்டு கொடுப்பதும் வேண்டாம். அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடும். பெட்டியை டெட்டாலோ பினாயிலோ போட்டுக் கழுவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். சூடேற்றிய பிறகும் அந்தக் குட்டி தலை தூக்காவிட்டால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, இனி பால். பூனைப்பாலில் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் புரதம் உண்டு. அதில் பாதித் தண்ணீரையும் ஊற்றினால் குட்டிக்கு என்ன மிஞ்சும்? பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் சேராமல்தான் வயிற்றுப்போக்கு. ஆட்டுப்பால் பரவாயில்லை என்று சொல்வார்கள். லாக்டோஸ் அதிலும் ஏறக்குறைய அதே அளவுதான். செல்லப்பிராணி கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. அது கைக்கு வரும்வரை, உடம்பு சூடாக இருக்கும் குட்டிக்கு வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து ஒரு வேளை, இரண்டு வேளை சமாளிக்கலாம். அதற்கு மேல் முடியாது.

எவ்வளவு கொடுப்பது என்பதற்குத்தான் தராசு வேண்டும் என்றேன். சமையலுக்கு மாவு நிறுக்கும் சின்ன மின்னணுத் தராசு போதும். பிறக்கும்போது பூனைக்குட்டி நூறு கிராம் அளவில் இருக்கும். கண் திறக்க 7 முதல் 14 நாள். மூன்றாவது வாரத்தில் முன்பற்கள் ஈறில் தட்டுப்படும், காது நிமிரும், தள்ளாடி நடக்கும், எடை 300 முதல் 400 கிராம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் உங்கள் குட்டிகளுக்கு ஏறக்குறைய மூன்று வாரம். காலண்டரில் 21 நாள் பின்னால் போய் ஒரு பிறந்த தேதியை எழுதிவையுங்கள். ஓரிரண்டு நாள் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. கருத்தடை வரை எல்லாவற்றையும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப் போகிறோம்.

நூறு கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 மில்லி பால் என்று கணக்கு. 350 கிராம் குட்டிக்கு 85, 90 மில்லி. அதை ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு 15 மில்லிக்கு மேல் அந்த வயிறு தாங்காது. குழந்தைக்கு ஊட்டுவதுபோல் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தாயிடம் குடிக்கிற மாதிரி குப்புற இருக்கட்டும், தலை லேசாக நிமிர்ந்து இருக்கட்டும், அதுவாகச் சப்பிக் குடிக்கட்டும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் பால் மூக்கு வழியாக வரும். நிமோனியாவின் தொடக்கம் பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு வேளையும் குடித்த பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிடுங்கள். தாய் நக்கிவிட்டுத்தான் சிறுநீரும் மலமும் போக வைக்கும். உங்கள் குட்டிகளுக்கு இன்னும் ஒரு வாரம் இது தேவைப்படலாம்.

தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவைத்தால் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள். இரண்டாம் நாளும் நின்றால், அல்லது இறங்கினால், குட்டி எவ்வளவு துள்ளி விளையாடினாலும் காட்டிவிடுங்கள்.

நாலாவது வாரம் பால் பவுடரில் குட்டிகளுக்கான உணவை ஊறவைத்துக் குழைத்துத் தட்டில் வையுங்கள். அதில் ஏறி நடந்து, மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு, அப்புறம்தான் சாப்பிடக் கற்றுக்கொள்ளும். ஒரு விஷயத்தில் மட்டும் நம் வீட்டுப் பழக்கத்தோடு நான் சண்டை போடுவேன்: தயிர்சாதமும் பால்சோறும் பூனைக்குப் போதாது. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வந்தாக வேண்டும். தேவையான அளவு தானாகத் தயாரிக்க அதன் உடம்பால் ஆகாது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் தளர்ந்து வீங்கும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல்தான் அமெரிக்காவில் தெரியவந்தது. அதன் பிறகே பூனை உணவுகளில் அதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சோறுண்டு வளர்ந்த தெருப்பூனைகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்பீர்கள். எலியும் பல்லியும் பிடித்துத் தின்று பிழைத்தன. வீட்டுக்குள்ளேயே வளரப்போகும் உங்கள் குட்டிகளுக்கு அந்த வழி இல்லை. மீன் கொடுத்தால் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

குடற்புழு மருந்து இப்போதே தொடங்க வேண்டும், ஏனென்றால் உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடுகிறது. எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது; நீங்கள் எழுதிவைத்த எடைக் குறிப்பைக் காட்டினால் மருத்துவர் சந்தோஷப்படுவார். தடுப்பூசி எட்டாவது வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாவது வாரம் வரை போகும். உடனே போட வேண்டும் என்று யாராவது பயமுறுத்துமுன் சொல்லிவிடுகிறேன்: ரேபிஸ் ஊசிக்குப் பன்னிரண்டாவது வாரம் வரை காத்திருக்கலாம். ஆனால் அதற்குள் குட்டி உங்களைக் கடித்தாலோ பிறாண்டி இரத்தம் வந்தாலோ கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெருவில் பிறந்த குட்டி என்பதால் இதில் கூச்சப்பட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கருத்தடையை நாலு மாதம் முடிந்து ஐந்து மாதம் நிறைவதற்குள் செய்துவிடுங்கள். தடுப்பூசிகள் பதினாறாவது வாரத்தில் முடிகின்றன. பதினெட்டாவது வாரத்தில் தேதி வாங்கினால் சரியாக இருக்கும். எடை அப்போது ஒன்றரைக் கிலோவைத் தாண்டியிருக்கும்.

நான் படித்த காலத்தில் ஆறு மாதம் என்றுதான் சொல்லித்தந்தார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்திடம் நானும் அதையே சொன்னேன். நாலரை மாதக் குட்டி, இன்னும் ஆறு வாரம் போகட்டும், அவசரமில்லை என்றேன். ஆறு வாரம் கழித்து அழைத்து வந்தார்கள். வயிற்றைத் தடவியதும் விரலில் கோலிக்குண்டு மாதிரி வரிசையாகத் தட்டுப்பட்டது. ஒரே ஒரு ராத்திரி ஜன்னல் திறந்திருந்ததாம். அந்தப் பூனையே இன்னும் குட்டி, பால்பல் முழுசாக விழுந்து முடியவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. 2016-ல் அமெரிக்காவில் கூடிய கால்நடை மருத்துவர்களின் பணிக்குழுவும் ஐந்து மாதத்துக்குள் என்றே பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். பூனை பருவத்துக்கு வருவது பகலின் நீளத்தை ஒட்டியது. குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அதற்கு ஓய்வு உண்டு. திருச்சியில் மார்கழியிலும் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். அதனால் இங்கே ஓய்வு என்பதே கிடையாது. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி வரும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள்: முன்னங்கால் தரையோடு, பின்பக்கம் தூக்கி, உருண்டு புரண்டு, இரவெல்லாம் கத்தல். "இடுப்பு உடைஞ்சுபோச்சு டாக்டர்" என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இணை சேர்ந்தால் 63 முதல் 65 நாளில் குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். இன்னொன்று, உங்கள் கடுவன் அந்த இரண்டு பெட்டைகளின் உடன்பிறப்பு என்பது நமக்குத்தான் தெரியும், அதற்குத் தெரியாது. வெளிப்பூனை உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லை.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. மருத்துவக் காரணம் மட்டும் தருகிறேன். ஒரு முறை பிரசவித்தால் பூனைக்கு உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. காத்திருப்பதில் நஷ்டம் உண்டு. பூனைக்கு மார்பில் கட்டி வந்தால் பத்தில் எட்டு ஒன்பது புற்றாகவே இருக்கும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த ஆபத்து 91 சதவீதம் குறைந்தது; ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டு வயதுக்குப் பிறகு செய்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் ஆபரேஷனோடு ஒழிகிறது. பாவக் கணக்கு என்று வந்தால், அந்த ஒரு பிரசவத்தில் பிறக்கும் நாலு குட்டிகளை யார் வளர்ப்பது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி, மாத்திரை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்க்கட்டியையும் கருப்பைச் சீழையும் வரவழைப்பவையே அவை.

தேதி குறிக்கும்போது வலி மருந்து கொடுப்பார்களா, மயக்கத்தின்போது உடம்புச் சூட்டை எப்படிக் காப்பார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பட்டினி விஷயத்தில் பெரிய பூனைக்குச் சொல்வதைக் குட்டிக்குச் செய்யக் கூடாது. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இந்த வயதுக்குச் சில மணி நேரமே போதும், எத்தனை என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பத்துப் பதினாலு நாள் தையலை நக்கவிடாமல் கழுத்தில் கூம்பு வடிவப் பட்டை. அது பிடிக்காத குட்டிக்குக் கைக்குழந்தை உடையின் கையை வெட்டிச் சட்டையாகப் போட்டுவிடலாம். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும். வளர்ச்சி நின்றதும் சாப்பாட்டை அளந்து போடாவிட்டால் குண்டாகிவிடும்.

பெட்டை எது, கடுவன் எது என்று மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். மூன்று வாரக் குட்டியில் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்த குட்டி இருந்தால் அது மட்டும் அநேகமாகப் பெட்டைதான். முடிந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் செய்துவிடுங்கள். ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பினால் மற்ற இரண்டும் அதை அந்நியமாக நினைத்துச் சீறும். தனித்தனியாகத்தான் முடியும் என்றால் பெட்டைகளை முதலில் அனுப்புங்கள். கடுவனுக்குச் செய்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் விந்து மிச்சமிருக்கலாம் என்பதால், அதை மட்டும் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.