கணக்குப்பிள்ளை பதில்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பஞ்சாயத்துக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். அதனால்தான் இந்தப் பகுதிக்கு இப்படியொரு பெயர். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க அதிபரைப் பற்றி. சரி, வந்ததற்குப் பதில் சொல்வோம். உள்ளூர் பிரசிடெண்ட்டையும் விடப்போவதில்லை.

கே. எஸ்., நீடாமங்கலம்: டிரம்ப்பை இரண்டு முறை இம்பீச் செய்தார்கள் என்கிறார்களே, அப்புறம் எப்படி 2025-ல் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்?

இரண்டு முறையும் குற்றம் சாட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை. அங்கே கீழவையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தாலே குற்றச்சாட்டு நிறைவேறிவிடும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது மேலவையான செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நூறு பேரும் வந்திருந்தால் 67 ஓட்டு.

உக்ரைனுக்குத் தரவேண்டிய ராணுவ உதவியை நிறுத்திவைத்து, தன் அரசியல் எதிரிமேல் விசாரணை அறிவிக்கச் சொல்லி அந்த நாட்டை நெருக்கினார் என்று 2019 டிசம்பரில் முதல் தடவை. 2020 பிப்ரவரியில் செனட் விடுவித்துவிட்டது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்ததற்குத் தூண்டுதலாக இருந்தார் என்று இரண்டாவது தடவை. அதில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள். பத்து ஓட்டில் தப்பினார்.

அந்த 57-ல் ஏழு பேர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். கீழவையில் பத்துப் பேர் அப்படி ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் 2022 தேர்தலுக்குப் பிறகு அவையில் மிஞ்சியது இரண்டே பேர். மற்றவர்களில் சிலர் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார்கள், சிலர் போட்டியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அடுத்து யாருக்குத் தைரியம் வரும், சொல்லுங்கள்?

நீதிமன்றமும் ஒரு கை பார்த்தது. 2024 மே மாதம் நியூயார்க்கில் ஜூரிகள் 34 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்றார்கள். எல்லாம் கணக்குப் புத்தகத்தில் பொய் எழுதிய வழக்கு. (என் தொழில் சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் விடாமல் படித்தேன்.) 2025 ஜனவரி 10 அன்று, தண்டனை எதுவும் இல்லை என்று நீதிபதி முடித்துவைத்தார். பத்து நாளில் பதவியேற்பு.

ஆர்., கும்பகோணம் (கல்லூரி மாணவி): நிக்சன் உண்மையிலேயே தப்புச் செய்தாரா, இல்லை பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியதா? எங்கள் வகுப்பில் இதற்குப் பெரிய சண்டையே நடந்தது.

பத்திரிகைகள் ஊதின. ஆனால் ஊதியது பொய்யை இல்லை, அம்மா.

அமெரிக்க அதிபராக நிக்சன் இருந்தபோது, 1972 ஜூன் 17 அன்று, வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அவருடைய தேர்தல் குழுவோடு தொடர்புள்ள ஆட்கள். அதே வருஷம் நவம்பரில் ஐம்பது மாநிலங்களில் 49-ஐ ஜெயித்தார் நிக்சன். இத்தனை ஓட்டு வாங்கப்போகிறவருக்குத் திருட்டு எதற்கு என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. உங்கள் வகுப்பிலும் யாராவது கேட்டிருப்பார்கள். ஜெயிக்கிறவன் தப்புச் செய்யமாட்டான் என்று எந்தத் தணிக்கை விதியிலும் எழுதவில்லை.

விஷயம் உடைந்தது 1973 ஜூலையில். வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த பட்டர்ஃபீல்ட் என்பவர் செனட் குழு முன்னால் வந்து, அதிபர் அறையில் பேசுவதெல்லாம் டேப்பில் பதிவாகிறது என்று சொல்லிவிட்டார். ஆதாரத்தைத் தேடி யாரும் ஊர் சுற்ற வேண்டியதில்லை. அவரே எழுதிவைத்த கணக்கு அவர் அலமாரியிலேயே இருக்கிறது. கொடு என்று கேட்ட அரசு வழக்கறிஞர் காக்ஸை நீக்கச் சொன்னார் நிக்சன். அக்டோபர் 20, சனிக்கிழமை. அட்டர்னி ஜெனரல் மாட்டேன் என்று ராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்தவரும் மாட்டேன் என்றார். மூன்றாவது ஆள்தான் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். முதல் இரண்டு பேரும் நிக்சனே வைத்த ஆட்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் வந்த டேப்பில் ஒன்றில் பதினெட்டரை நிமிஷம் வெறும் இரைச்சல். போன் வந்தபோது கைதவறித் தப்பான பட்டனை அழுத்திவிட்டேன் என்றார் செயலாளர் அம்மாள். நிபுணர்கள் ஆராய்ந்து, ஒரே தடவையில் அழிந்தது இல்லை, ஐந்து தடவையாவது அழிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தில் இதே வித்தையைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்களிடம் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுவார்கள். ஆறாவது தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் நாலு விரல் அளவு இடம் காலியாகக் கிடக்கும். பிறகு ஏதாவது பில் வந்தால் ஏழாவது தீர்மானம் அதற்குள் போய் ஒண்டிக்கொள்ளும். இடம் போதாமல் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகும். மேலே நீல மை, அங்கே மட்டும் கறுப்பு மை. கேட்டால், பேனா தீர்ந்துவிட்டது சார் என்பார் கிளார்க்.

1974 ஜூலை 24-ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று டேப்பைக் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நிக்சனே நியமித்த தலைமை நீதிபதி. விசாரணையை நிறுத்த உளவுத்துறையைப் பயன்படுத்தும்படி நிக்சன் சொல்லும் டேப் பேச்சு, ஆகஸ்ட் 5-ல் வெளியே வந்தது. 7-ஆம் தேதி சாயங்காலம் அவருடைய கட்சியின் மூத்த தலைவர்கள் மூன்று பேர் நேரில் போய், செனட்டில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். 9-ஆம் தேதி கிளம்பிவிட்டார். எதிர்க்கட்சி இரண்டு வருஷம் கத்தி ஆகாதது, சொந்தக்காரர்கள் வந்து சொன்னதும் இரண்டு நாளில் ஆனது.

செப்டம்பர் 8-ல் அடுத்த அதிபர் ஃபோர்டு, மன்னித்துவிட்டேன் என்றார். வழக்கே இல்லாமல் மன்னிப்பு. நாட்டுக்கு அமைதி வேண்டும் என்பது ஃபோர்டு சொன்ன காரணம். எனக்கு அது இன்றுவரை ஒப்பவில்லை. தணிக்கைத் தடை (கணக்கில் தப்பு இருக்கிறது, பதில் சொல் என்கிற குறிப்பு) எழுதிய பிறகு பதில் வாங்காமலே தடையை நீக்குவது போலத்தான்.

பா. மு., மயிலாடுதுறை: கிளிண்டன் விவகாரம் அவர் சொந்த விஷயம்தானே? அதைப் போய் நாடாளுமன்றத்தில் பேசலாமா?

அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டன், வெள்ளை மாளிகைக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணோடு உறவு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு இல்லை. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், நீதியைத் தடுத்தார் என்பவைதான். 1999 பிப்ரவரியில் செனட் முதலாவதற்கு 45, இரண்டாவதற்கு 50 ஓட்டுத்தான் போட்டது. என்னைக் கேட்டால், தடை எழுதவேண்டிய தப்பு. பதவியைப் பறிக்கிற அளவுக்கு இல்லை. ஆனால் ஒன்று. அவர் பதவிக்காலத்தை முழுசாக முடித்துவிட்டுப் போனார். பயிற்சிக்கு வந்திருந்த அந்த இளம்பெண்ணைத்தான் ஊரே வருஷக்கணக்கில் கேலி பேசியது. அதைப் பற்றி எந்த அவையிலும் தீர்மானம் வரவில்லை.

வி. ஜே., வேதாரண்யம்: கோத்தபய ராஜபக்ச ஓடினாரே, அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது? எங்கள் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தானே, அதனால் கேட்கிறேன்.

இலங்கை அதிபராக இருந்தவர் அவர். நம் விவசாயிகளுக்கு அவர் கதையின் முதல் பகுதியே போதும். பத்து வருஷத்தில் படிப்படியாக இயற்கை விவசாயம் என்பது 2019 தேர்தலில் அவர் கொடுத்த வாக்குறுதி. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை போட்டார். குறுவைக்கு மேட்டூர் திறந்து, நாற்றங்காலில் நாற்று நிற்கும்போது சொசைட்டியில் போய், இனிமேல் யூரியா கிடையாது, டிஏபி கிடையாது என்றால் இங்கே என்ன நடக்கும்? மன்னார்குடி ரோட்டில் பஸ் போகாது. அங்கேயும் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார். அதற்குள் நெல் படுத்துவிட்டது, அரிசி வெளியிலிருந்து வந்தது.

இயற்கை விவசாயம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே பாரம்பரிய நெல் போட்டு நல்லபடியாக நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். கூட இருந்தவர்கள் ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் கேள்வி. 2020 ஆகஸ்டில் அவர் கட்சிக்கு 225-ல் 145 இடம். அக்டோபரில் 20-வது திருத்தம் கொண்டுவந்து அதிகாரத்தையெல்லாம் அதிபர் கையில் குவித்தார்கள். அண்ணன் பிரதமர். 2021 ஜூலையில் தம்பி நிதியமைச்சர். வீட்டுக்குள்ளேயே மந்திரிசபை நடந்தால் எதிர்க்கேள்வி யார் கேட்பது?

பொருளாதாரம் விழுந்து, நாட்டின் கையில் டாலரும் தீர்ந்துபோய், 2022 ஜூலை 9-ல் ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார்கள். 13-ஆம் தேதி ராணுவ விமானத்தில் மாலத்தீவு, அங்கிருந்து சிங்கப்பூர். ராஜினாமாக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. செப்டம்பரில் ஊர் திரும்பிவிட்டார். 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், பொருளாதாரம் இப்படி விழுந்ததற்கு அவரும் அவர் சகோதரர்களும் சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத்தொகையாக ஆளுக்கு ஒன்றரை லட்சம் இலங்கை ரூபாய். சிறை இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், இந்தக் கஷ்டத்துக்கு இவர்தான் காரணம் என்று பெயர் சொல்லி எழுதிவைப்பது சின்ன விஷயம் இல்லை.

உரத்துக்கும் டாலருக்கும் கேட்ட கேள்வி இது. 2009-ல் போரின் கடைசி மாதங்களில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரும் இவர்தான். பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017-லிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரி பதில் வரவில்லை.

த. ச., திருவாரூர்: கன்றுக்கு நீதி கேட்டுப் பசு மணி அடித்ததும் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் ஊர்க்காரன் நான். அந்த மாதிரி ஒரு அதிபர் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

அந்த ராஜா நல்லவர், மணிச் சத்தம் காதில் விழுந்தது. வேறு ராஜாவாக இருந்தால் மணிக் கயிற்றை அறுத்திருப்பார். நமக்கு வேண்டியது கயிறு அறுபடாமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு.

எம்., நாகப்பட்டினம்: நம் நாட்டு ஜனாதிபதியை நீக்க முடியுமா?

முடியும். அரசியல் சட்டம் 61-வது பிரிவு. ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இதுவரை யாரையும் நீக்கியதில்லை. மந்திரிசபை சொல்வதைச் செய்கிறவர்தானே என்பது காரணம். ஆனால் 1975 ஜூன் 25 ராத்திரி அன்றைய ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டபோது மந்திரிசபை கூடவே இல்லை. மறுநாள் விடியற்காலைதான் கூட்டினார்கள். தீர்மானம் எங்கே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மந்திரிசபை முடிவு எழுத்தில் வந்தால்தான் கையெழுத்துப் போடலாம் என்று 1978-ல் 44-வது திருத்தம் எழுதவேண்டியிருந்தது.

ஜி., பாபநாசம் அருகில் ஒரு கிராமம்: அமெரிக்கா இருக்கட்டும் ஐயா. எங்கள் ஊர் பிரசிடெண்ட் இருந்த ஐந்து வருஷத்தில் போட்டதாகச் சொன்ன தெருவிளக்கில் பாதி இல்லை. 2025 ஜனவரியோடு காலம் முடிந்து போய்விட்டார். இப்போது யாரிடம் கேட்பது?

ஆள் போனாலும் புத்தகம் போகாது. தேர்தல் நடந்து புதியவர் வரும்வரை பஞ்சாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியான தனி அலுவலர் பொறுப்பில்தான் ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம், அளவுப் புத்தகம், வவுச்சர் எல்லாம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடுங்கள். "தெருவிளக்கு ஊழல் பற்றி விவரம் தருக" என்று எழுதாதீர்கள், பொருந்தாது என்று திருப்பிவிடுவார்கள். எந்த வருஷம், எந்தத் தெரு, எத்தனை விளக்கு, எந்த பில் என்று கேளுங்கள். நேரில் வந்து புத்தகங்களைப் பார்வையிட அனுமதி வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்; சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. முப்பது நாளில் பதில் வரவேண்டும்.

போகும்போது தெருவில் கம்பத்தை எண்ணி ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். செக்கில் யார் யார் கையெழுத்து என்று பாருங்கள். நம் மாநிலத்தில் பிரசிடெண்ட் ஒருவர் போட்டால் பணம் வராது, துணைத் தலைவரும் சேர்ந்து போடவேண்டும். குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். துணைத் தலைவர் நடவுக்குப் போகும் ஒரு அம்மா, பிரசிடெண்ட் அணியில் ஜெயித்தவர். போர்வெல் மோட்டார் வாங்கியதாக பில் வந்தது. "மோட்டாரைக் காட்டுங்க, போடுறேன்" என்றார். நாளைக்கு வரும், நாளன்னைக்கு வரும் என்றார்கள். வரட்டும், வந்ததும் போடுறேன் என்று சேற்றுக் காலோடு கிளம்பிப் போய்விட்டார். அந்தப் பணம் கடைசிவரை பேங்கிலேயே கிடந்ததை நான் பாஸ்புத்தகத்தில் பார்த்தேன். அடுத்த தேர்தலில் அந்த அணி அவருக்கு இடம் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடவோலையில் சேரக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே வெட்டிவைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அடுத்த தேர்தல் வரும்போது பழைய ஆளோ, அவர் வீட்டு ஆளோ மறுபடி நின்றால், கிராமசபையில் எழுந்து அந்த விளக்குக் கணக்கைக் கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய ஆறு நாளும் கூட்டம் உண்டு. கூட்டம் முடிந்ததும், நீங்கள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா, கையெழுத்துக்கு மேலே காலி இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.